ஆறு வேட்டித் திரை

பவுனம்மாளின் சக்களத்தி கட்டிலுக்கு அடியில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தாள்.

பெட்டியைத் திறந்தால் மூன்று படச்சுருள்கள். ஒவ்வொன்றும் தோசைக்கல் அகலம். புருஷன் நாகையா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பவுனம்மாள் பெட்டியை வெளியே இழுத்து, ஒரு சுருளின் நுனியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். நகம் அளவு கட்டங்களில், ஒன்றன் கீழ் ஒன்றாக, அதே பெண். இடுப்பில் எண்ணெய்க் குடம், ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை, மூக்கில் பெரிய புல்லாக்கு. ஒரு சக்களத்தி இருந்தாலே தாங்காது. இங்கே ஆயிரம் பேர் சுருண்டு கிடந்தார்கள்.

அது தீபாவளி வந்த கதையைச் சொல்லும் பேசாத படம். சிரிப்புப் படம். நரகாசுரன் மூன்று உலகத்தையும் அடக்கி ஆள்கிறான். ஆனால் தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ள மட்டும் அவனுக்குப் பயம். பல வருஷமாகக் குளிக்காதவனின் நாற்றம் தாங்காமல் தேவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவன் பெண்டாட்டி எண்ணெய்க் குடத்தோடு அரண்மனை முழுக்க அவனைத் துரத்துகிறாள். அவன் நெற்குதிருக்குள் ஒளிகிறான். யானைக்குப் பின்னால் ஒளிகிறான். சேலை கட்டிக்கொண்டு சமையற்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான். கடைசியில் கிருஷ்ணன் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, பெண்டாட்டி குடத்தைக் கவிழ்க்கிறாள். எண்ணெய் பட்டதும் அசுரத்தனம் அத்தனையும் கரைந்து, 'இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டேனே, வருஷத்துக்கு ஒரு நாளாவது உலகம் முழுக்க எண்ணெய் தேய்த்து முழுகட்டும்' என்று வரம் கேட்கிறான். அதுதான் தீபாவளி என்று அந்தப் படம் சொன்னது. புராணத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று ஒரு பூசாரி கோபித்துக்கொண்டு எழுந்து போனாராம். வேலிக்கு வெளியே நின்று முழுப் படத்தையும் பார்த்தாராம்.

படத்துக்குச் சொந்தக்காரர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் ஜலீல். பேசும் படங்கள் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் அதை விடவில்லை. "மலாயாவுல இது ஒண்ணுதான் இருக்கு. இந்தியாவுலயே இன்னொண்ணு இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்பார். இயந்திரத்தின் கைப்பிடியை அவரே சுற்றுவார். படம் பேசாது என்பதால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டும். படத்தில் வாய் அசைகிற அத்தனை பேருக்கும் குரல் கொடுக்க வேண்டும். அது நாகையாவின் வேலை. பகலில் அவன் செந்தூல் ரயில் பட்டறையில் இரும்பு தட்டினான். படம் காட்டுகிற நாட்களில் அசுரனாகவும் அசுரன் பெண்டாட்டியாகவும் யானையாகவும் இருந்தான்.

ஜப்பான்காரன் சண்டை வந்து கிள்ளானில் குண்டு விழுந்தபோது, ஜலீல் அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவந்து, நாகையாவின் ரயில்வே குடியிருப்பு வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் படச்சுருளுக்கு நெருப்பு ஆகாது. ஒரு பொறி பட்டால் வீடே போய்விடும். அதனால் நாகையா அன்றைக்கே அடுப்பைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால், கூரை இல்லாத இடத்தில் வைத்தான். இரண்டு வருஷமாகப் பவுனம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். அவள் நனையலாம். உள்ளே படுத்திருப்பவளுக்குச் சூடு படக்கூடாது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அந்தக் குரல்.

படத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், கல்யாணம் ஆன வருஷத்துத் தீபாவளிக்கு. திடலில் இரண்டு கம்பு நட்டுத் திரையைக் கட்டி, தண்ணீர் தெளித்து நனைப்பார்கள். ஈரத் துணியில் படம் இரண்டு பக்கமும் தெரியும். முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். எந்தப் படம் போட்டாலும் இதுதான் வழக்கம். பின்னால் இருந்து பார்த்தால் படத்தில் எல்லோரும் இடது கையால் சாப்பிடுவார்கள். பெண்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் புருஷன், அசுரனின் வாய் அசையும்போதெல்லாம், "கண்ணே செண்பகமே, இன்னிக்கு வேணாம், நாளைக்குத் தேய்ச்சுக்கறேன் செண்பகமே" என்று குழைந்தான். அப்படி ஒரு குரல் அவன் தொண்டையில் இருக்கிறது என்பதே பவுனம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் 'இந்தா'. கோபம் வந்தால் 'ஏய்'. படத்தில் இருந்தவளுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்ததும் அவன்தான். உண்மையில் அவள் பெயர் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த இரண்டு வருஷத்தில் படம் காட்டவே இல்லை என்றாலும் அவன் அவளை மறக்கவில்லை. குளிக்கிற இடத்தில் நின்றுகொண்டு செண்பகமே, செண்பகமே என்று குரலைச் சரி பார்ப்பான். இன்னொன்றும் நடந்தது. பவுனம்மாள் வாய் ஓயாமல் திட்டிவிட்டுப் பின்பக்கம் போனால், அவன் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, பழைய ரயில் காகிதம் ஒன்றின் பின்னால் எதையோ எழுதிக்கொண்டு தனக்குள்ளே சிரிப்பான். பவுனம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிய ஆண்பிள்ளை சிரித்துக்கொண்டே யாருக்கு எழுதுவான் என்று ஊகிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜலீல் வந்தார். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, உள்ளே வரும்போதே சத்தம் போட்டார்.

"நாகையா! அனுமதி கெடச்சிருச்சு! சாமிப் படம்னு எழுதிக் குடுத்தேன். சிரிப்புப் படம்னு சொல்லல. இந்தக் காலத்துல சிரிக்கிறதுக்கு என்ன சட்டமோ!"

"படத்துக்கு நடுநடுவுல இங்கிலீஷ் எழுத்து வருமே அண்ணே? அதப் பார்த்தா ஜப்பான்காரன் விடமாட்டானே."

"எல்லாத்தையும் இங்கயே வெட்டி எடுத்துர்றேன். இனிமே நீ பேசினாத்தான் கதை. திரைதான் இல்ல. கடையோட சேத்து அதையும் அள்ளிட்டுப் போய்ட்டானுங்க. இப்ப என் கடையில வெள்ளையா இருக்கறது என் தாடி ஒண்ணுதான்."

நாகையா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆளுக்கொரு வேட்டி கேட்போம். ஆறு இருந்தாப் போதும். சேத்துத் தைச்சு, படம் முடிஞ்சதும் பிரிச்சுக் குடுத்திருவோம்" என்றான்.

"யாரு தைக்கிறது? தங்கச்சி, நீ தைக்கிறியா?"

பவுனம்மாள் கதவு ஓரத்தில் நின்று தலையாட்டினாள். ஊசி தன் கையில் இருப்பது நல்லது என்று தோன்றியது.

ஜலீல் போனபிறகு நாகையா பெட்டகத்தைத் திறந்து தன் கல்யாண வேட்டியை எடுத்தான். ஒரு மூலையில் கல்யாண மஞ்சள் இன்னும் அப்படியே இருந்தது.

"அது எதுக்குங்க?"

"எல்லார் வீட்டுலயும் கேக்குறோம். நம்ம வீட்டுல குடுக்கலைன்னா நல்லாவா இருக்கும்? இருக்கறதுலயே இதான் வெள்ளை."

"போன மாசம் இதுக்கு நாலு படி அரிசி தரேன்னு ஒருத்தன் நின்னான். நான் குடுக்கல."

"அதனாலதான இப்ப இருக்கு" என்றான் நாகையா, அவளைப் பாராட்டுகிறவன் போல.

பவுனம்மாள் பின்பக்கம் போய் அடுப்பை ஊதினாள். புகை வந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஆறு வேட்டியும் வந்து சேர்ந்தன. கடைசி வீட்டில் தனியாக இருந்த வேலாயுதத்தின் வேட்டி இருப்பதிலேயே மோசம். உட்காரும் இடத்தில் கிழிந்துபோய், ஒரு சாண் சதுரத்துக்குக் கோணித்துண்டு வைத்து ஒட்டுப் போட்டிருந்தான். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி, சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன தன் புருஷன் தம்புசாமியின் வேட்டியைக் கொண்டுவந்தாள். எட்டு மாதமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது.

"தையல மெதுவாப் போடு பவுனு. ஊசித் தடம் நிக்கக் கூடாது. வந்தா அவரு கட்டணும்."

பவுனம்மாள் வாசலில் ஆறையும் விரித்தாள். மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று. தம்புசாமியின் வேட்டியை மேல் வரிசையில் நடுவில் வைத்தாள். கிருஷ்ணன் வந்து நிற்கிற இடம் அது. கல்யாண வேட்டியை இடது கைப் பக்கம் வைத்தாள். நரகாசுரனின் சிம்மாசனம் அந்தப் பக்கம்தான், அவன் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். வேலாயுதத்தின் வேட்டியை எடுத்து, கோணி ஒட்டு எந்த உயரத்தில் வருகிறது என்று முழம் போட்டுப் பார்த்து, வலது கைப் பக்கம் வைத்தாள். செண்பகம் எப்போதும் நிற்பது சமையற்கட்டு வாசல். அது வலது பக்கம். ஒரே தடவை பார்த்ததுதான். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் எந்த இடத்தில் வந்து நின்றது என்பதைப் பவுனம்மாள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரலை வைத்துக் காட்டுவாள்.

"எதுக்குடி கோணிய மேல வைக்கிற? கீழ போட்டா யாரு கண்ணுலயும் படாதே" என்றாள் தனலெட்சுமி.

"மேல இருந்தாத்தான் கயிறு இழுக்கறதுக்குத் தாங்கும்."

தனலெட்சுமி வேட்டிகளைப் பார்த்தாள், பிறகு பவுனம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் புல்லாக்குக்காரி மூஞ்சியிலயா கோணி?" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் தம்புசாமியின் வேட்டியில் இல்லாத சுருக்கத்தை நீவினாள். "உன் ஆளு வீட்டுல இருக்காரு. அதான் நெழலு மேலயெல்லாம் பொறாமப்பட உனக்கு நேரம் இருக்கு."

பவுனம்மாளுக்குக் குத்தியது. ஆனாலும் கோணியை இடம் மாற்றவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் படம். ஜப்பான்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் கடிகாரமெல்லாம் தோக்கியோ நேரம் காட்டின. எட்டு மணிக்குத்தான் இருட்டும். வேலாயுதமும் இன்னும் இரண்டு பேரும் திடலில் கம்பு நட்டுத் திரையைத் தூக்கிக் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் அடித்திருந்தார்கள். லோரி பாட்டரியில் எரியும் விளக்கோடு ஜலீலின் இயந்திரம் முன்பக்கம் தயாராக இருந்தது. பெண்கள் வழக்கம்போலப் பின்பக்கம் வந்து பாய் விரித்தார்கள்.

பவுனம்மாள் திரையைப் பார்த்தாள். கோணி ஒட்டு இடது பக்கம் இருந்தது.

"வேலாயுதண்ணே! திரைய மாத்திக் கட்டிட்டீங்க!"

"எத மாத்தினேன்? தையல் மடிப்பு பின்னால, நல்ல பக்கம் முன்னால. எப்பவும் கட்டுறாப்லதான் கட்டியிருக்கேன்" என்றான் வேலாயுதம், வாளியைக் கவிழ்த்துக்கொண்டே.

அவன் சரியாகத்தான் கட்டியிருந்தான். பவுனம்மாள் வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட முன்பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. வலது பக்கம் என்று அவள் மனதில் பதிந்தது பின்னால் இருந்து பார்த்த வலது பக்கம். வாசலில் விரித்துத் தைத்ததோ முன்பக்கம் மேலே இருக்கும்படி. சுற்றிப் போய் முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவிழ்த்துத் தைக்க நேரமில்லை. முன்பக்கம் ஆண்கள் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விளக்கு எரிந்தது. நரகாசுரன் சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்தான். கோணித்துண்டு சரியாக அவன் கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது. திடலே வெடித்துச் சிரித்தது. நாகையா ஒரு நொடி திகைத்திருப்பான். அடுத்த நொடியே அவன் குரல் வந்தது.

"பாருங்க மகாஜனங்களே! குளிச்சுப் பல வருஷம்! மூஞ்சியில அழுக்கு எப்படிக் காய்ஞ்சு கெடக்குது, சுரண்டினா ஒரு தோட்டத்துக்கு எரு போடலாம்!"

சிரிப்பு அடங்கவில்லை. அசுரன் சிம்மாசனத்துக்கு வரும்போதெல்லாம் அழுக்கு ஒட்டிக்கொண்டது, எழுந்து ஓடினால் விட்டது. படம் எடுத்தவனுக்கே தோன்றாத வேடிக்கை. ஜலீல் கைப்பிடியைச் சுற்றியபடியே, "அட, யாருய்யா இதத் தைச்சது!" என்று கத்தினார்.

பிறகு செண்பகம் வந்தாள். சமையற்கட்டு வாசலில், இடுப்பில் குடத்தோடு. ஆறு வேட்டியிலும் வெள்ளையான வேட்டியில், பவுனம்மாள் நாலு படி அரிசிக்கும் தராமல் காத்த வேட்டியில், அவள் முகம் பாலில் எழுதியதுபோல விழுந்தது. கல்யாண மஞ்சள் பட்ட மூலை நேராக அவள் நெற்றியில் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமான அந்தப் படத்தில் மஞ்சள் நிறம் அந்த ஒரு நெற்றியில் மட்டும்தான்.

"ஆகா, மகாலட்சுமி மாதிரி!" என்று முன்பக்கத்தில் யாரோ சொன்னது பின்பக்கம் வரை கேட்டது.

பவுனம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தன் கையாலேயே முழம் போட்டு அளந்து, தன் மஞ்சளை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டிருக்கிறாள்.

செண்பகத்தின் வாய் அசைந்தது. நாகையா பெண் குரலில் பேசினான்.

"ஒரு காரியத்துக்கு எத்தன தடவதான் கூப்பிடுறது? கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைதான் தேயுது, உங்க காது தேயுதா? காதா அது, ரயிலு டேசன்ல தொங்குற மணியா? யாராவது அடிச்சாத்தான் கேக்குமா?"

பவுனம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன தடவை செண்பகம் இப்படிப் பேசவில்லை. 'பிராண நாதா, தைலம் காத்திருக்கிறதே' என்று நாடகத்தில் பேசுவதுபோலப் பேசினாள்; யாரும் சிரிக்கவும் இல்லை. இப்போது திடல் உருண்டது. செண்பகம் மேலும் பேசினாள். தண்ணீர் கொதித்து ஆறி, திரும்பக் கொதித்த கதையைச் சொன்னாள். 'உங்களக் கட்டினதுக்கு ஒரு தூணக் கட்டியிருந்தா, துணியாவது காயப் போட்டிருப்பேன்' என்றாள்.

தனலெட்சுமி பவுனம்மாளின் தொடையைக் கிள்ளினாள். "அடியே! இது நீ போன வெள்ளிக்கெழம சொன்னது! நான் கெணத்தடியில இருந்து கேட்டேன்!"

"பவுனு பேசுறாப்லயே இருக்கு" என்றாள் இன்னொருத்தி. பெண்கள் எல்லோரும் திரையை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பென்சிலும் பழைய காகிதமும் எதற்கு என்று இப்போது விளங்கியது. அவளுக்கு மனம் குளிரவில்லை. இன்னும் எரிந்தது. அடுப்பு போனது, வேட்டி போனது, மஞ்சள் போனது. அவளுக்கென்று மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். அதையும் அவளுக்குத் தெரியாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக் கொண்டுபோய் அந்தப் புல்லாக்குக்காரிக்குக் கொடுத்திருக்கிறான். பவுனம்மாள் பேசும்போது தூணாக நிற்கிறவன், அதே பேச்சைச் செண்பகம் பேசினால் "கண்ணே" என்கிறான்.

இரண்டாவது சுருள் முடிந்தது. ஜலீல் மூன்றாவதை மாட்டும்வரை திரை வெறும் ஆறு வேட்டியாக இருந்தது. பவுனம்மாள் எழுந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் தனலெட்சுமி.

"எம் பொருளக் கேக்கப் போறேன்."

திரை முகத்தில் படுகிற தூரத்தில் போய் நின்றாள். துணிக்கு அந்தப் பக்கம் ஒரு கை தூரத்தில்தான் நாகையா நின்றிருந்தான். அவன் இருமுவது கேட்டது.

மூன்றாவது சுருளில் நரகாசுரன் வசமாக மாட்டிக்கொள்கிறான். சேலை அவிழ்ந்து, வெங்காயக் கண்ணீரோடு, கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறான். செண்பகம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றுகிறாள். அவள் வாய் திறந்தது. நாகையா மூச்சை இழுத்தான். அதற்குள் துணியின் இந்தப் பக்கத்திலிருந்து உண்மையான பெண் குரல் எழுந்தது.

"கும்பிடாதீங்க! கும்பிட்டா குடத்து எண்ணெய் வத்திருமா?"

திடல் முழுக்க ஒரே சிரிப்பு. பிறகு கைதட்டல். பவுனம்மாள் நிறுத்தவில்லை. செண்பகத்தின் வாய் திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு வருசமா மழையில நின்னு அடுப்பு ஊதுறேன். உள்ள ஒரு மகாராணி படுத்திருக்கா, அவளுக்குச் சூடு ஆகாதாம். எனக்கு மழை ஆகுமா? ஒரு நாள் கேட்டீங்களா? நான் பேசினா தூணு. நான் போனதும் சிரிப்பு. என் பேச்சையெல்லாம் பொறுக்கி எடுத்து ஊருக்கே பந்தி வச்சீங்களே, என் எலையில ஒரு பருக்க விழுந்துச்சா?"

படத்தில் நரகாசுரன் தலையைத் தொங்கப் போட்டு இல்லை இல்லை என்று ஆட்டினான். அவளுக்கென்றே எடுத்த படம் போல இருந்தது. முன்பக்கத்தில் ஒருவன், "அரண்மனையில எப்படிடா மழை?" என்று கேட்க, "பழைய கூரையா இருக்கும், பேசாம பாரு லா" என்றான் இன்னொருவன்.

இப்போது நரகாசுரனின் வாய் அசைந்தது. நாகையாவிடமிருந்து சத்தம் இல்லை.

"பேசுங்கண்ணே! அசுரன் ஊமையாயிட்டான்!" என்று கத்தினார்கள்.

நாகையா தொண்டையைச் செருமினான். வழக்கமான குழைவு பாதிதான் வந்தது. "கண்ணே... செண்பகமே..."

செண்பகத்தின் வாய் அசைந்தது. பவுனம்மாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பேசாத படம் அப்போதுதான் உண்மையிலேயே பேசாத படமானது. துணியில் ஒரு பெண் கையை நீட்டி, கண்ணை உருட்டி, என்னென்னவோ சொன்னாள். ஒரு சத்தம் இல்லை. இயந்திரம் கடகடக்கிற ஒலி மட்டும். பேச்சைப் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் ஒன்றுமே இல்லை, மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பவுனம்மாளுக்கு அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"என்னய்யா நடக்குது?" என்றது கூட்டம்.

"தங்கச்சி!" ஜலீல் கத்தினார். "சுருள் ஓடிக்கிட்டிருக்கு, ஏதாச்சும் பேசும்மா! நாகையா, நீயாவது பேசுப்பா, எண்ணெய் ஊத்துற இடம் வரப்போவுது!"

துணிக்கு அந்தப் பக்கம் கால் மாற்றி வைக்கும் ஓசை கேட்டது. பிறகு நாகையாவின் குரல். குழைவு இல்லை. பட்டறையிலிருந்து களைத்து வந்து தண்ணீர் கேட்கிற, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"பவுனு" என்றான். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்கும்படி. "தப்புதான் பவுனு. ஊத்து."

பின்பக்கத்தில் பெண்கள் கூச்சலிட்டார்கள். அசுரன் பெண்டாட்டிக்குப் பவுனு என்று பெயர் போலிருக்கிறது என்று முன்பக்கம் நினைத்துக்கொண்டது.

அதற்குள் கிருஷ்ணன் வந்து தம்புசாமியின் வேட்டியில் நின்று அசுரனின் கையைப் பிடித்துக்கொண்டான். குடம் உயர்ந்தது.

"வாங்க, உக்காருங்க" என்றாள் பவுனம்மாள். "எண்ணெய் ஆறிப்போவுது."

குடம் கவிழ்ந்தது. அசுரன் தலையிலிருந்து எண்ணெய் வழிந்து தரையெல்லாம் ஓடியது. ஒரு கரண்டி நல்லெண்ணெய்க்கு ஊரெல்லாம் அலைகிற அந்தக் கூட்டம் சிரிப்பதை மறந்து, "ஐயோ, ஐயோ, இவ்வளவு எண்ணெயா!" என்று வாய்விட்டு அலறியது.

மறுநாள் தீபாவளி. விடிந்ததும் ஜலீல் கொடுத்தனுப்பிய சின்னக் குப்பியிலிருந்து நாலு சொட்டு எண்ணெயைப் புருஷன் உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டுப் பவுனம்மாள் வாசலில் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். தம்புசாமியின் வேட்டியை முதலில் பிரித்தாள். ஊசித் தடம் இல்லை. தனலெட்சுமி அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

நாகையா தலையில் எண்ணெயோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம கிள்ளான்ல காட்டணும்ங்கறாரு ஜலீல் அண்ணன். உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றாரு." தரையைப் பார்த்துக்கொண்டு, "பன்னண்டு வருசமா நான் பேசுறேன். ஒரு நாள் கைதட்டினதில்ல. நேத்து உனக்குத் தட்டினானுங்க" என்றான்.

பவுனம்மாள் நூலை உருவினாள். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த எரிச்சலை அவள் இரண்டு வருஷம் வளர்த்திருக்கிறாள்.

"வேணும்னா நீங்களே பேசிக்குங்க. நான் வரல."

"வரலைன்னா எப்படி? அண்ணன் கேப்பாரு." எண்ணெய் நெற்றியில் இறங்கியது, துடைத்துக்கொண்டான். "வா. ஆனா கடைசிச் சுருள் மட்டும்."

"மூணு சுருளும்."

"ரெண்டு."

"மூணு. அப்புறம் அடுப்பு உள்ள வரணும்."

"பெட்டி இருக்கும்போது அடுப்பு எப்படி வரும்?"

"அப்ப அடுப்புக்கு மேல கூரை வரணும். நீங்க சிரிச்சிக்கிட்டே எழுதுற நேரத்துல ரெண்டு தகரம் அடிக்கலாம்."

அவன் கை தானாகக் காதுக்குப் போனது, பென்சிலைத் தேடி. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டான்.

அவன் குளிக்கப் போனபிறகு பவுனம்மாள் கல்யாண வேட்டியை மடித்தாள். மஞ்சள் மூலை நேற்றைய தண்ணீரில் கொஞ்சம் கரைந்திருந்தது. அதைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அறை நடுவில் கிடந்த தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இதுவரை அது நாகையா படுக்கிற பக்கத்தில்தான் இருந்தது. அவள் சுற்றி வந்து, முட்டி போட்டு, அதைத் தான் படுக்கிற பக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள்.